புறக்கடைக் கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம்: நாள் பார்த்தா, எச்சம் பார்த்தா?

மண்ணைக் கிளறி இரை தேடும் கோழிக்குக் குடற்புழு வருவது இயல்பு. புறக்கடையில் ஐந்தாறு கோழிகள் வைத்திருப்பவராக இருந்தாலும் முப்பது நாற்பது வைத்திருப்பவராக இருந்தாலும், புழுவே இல்லாத கோழிக் கூட்டம் என்ற இலக்கை வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். இருக்கிற புழு எந்த வகை, அது கோழியை வாட்டும் அளவுக்குப் பெருகியிருக்கிறதா, மருந்து கொடுத்தால் எதைக் கொடுப்பது, அதன்பின் முட்டையை என்ன செய்வது என்பவையே வளர்ப்பவர் தீர்மானிக்க வேண்டியவை. இவற்றுக்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாள் குறித்து எல்லாக் கோழிகளுக்கும் மருந்து கொடுப்பது ஒன்று. கோழி வாடினால் மட்டும் கொடுப்பது மற்றொன்று. எச்சத்தைப் பரிசோதித்துப் புழு முட்டைகளைக் கண்ட பிறகு கொடுப்பது மூன்றாவது. சிறிய கூட்டம் வைத்திருப்பவருக்கு மூன்றாவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு.

அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம்

கொண்டையும் தாடியும் வெளிறிப்போவது, தீவனம் எடுத்தும் உடல் தேறாதது, முட்டை குறைவது, இறகு பொலிவிழப்பது, கழிச்சல், ஆசனவாயைச் சுற்றி இறகுகளில் அழுக்கு ஒட்டிக்கொள்வது, சிறகைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்பது ஆகியவை குடற்புழுவின் அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. இவை அனைத்தும் உண்மையே. ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் புழுவுக்கு மட்டுமே உரியதல்ல. வெளிறிய கொண்டையை எடுத்துக்கொள்வோம். இரவில் கூட்டின் இடுக்குகளிலிருந்து வெளிவந்து ரத்தம் குடிக்கும் செள்ளும் கொண்டையை வெளிறச் செய்யும். முட்டையிடுவதை நிறுத்தி இறகு உதிர்க்கும் பருவத்திலும் கொண்டை சுருங்கி வெளிறும். பகலின் நீளம் குறையும்போது முட்டையும் குறைகிறது. எச்சத்தில் ரத்தம் கண்டதும் புழு மருந்தைத் தேடி ஓடுபவர்கள் பலர். இளங்கோழிகளில் அதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்தக்கழிச்சல். அந்நோயை உண்டாக்குவது புழு அல்ல. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. குடற்புழு மருந்து அதனிடம் எடுபடாது என்பதோடு, மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கழியும் இரண்டு நாட்களில் குஞ்சுகளையே இழக்க நேரும்.

எச்சத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். எதைப் பார்க்கிறோம் என்ற தெளிவும் அதோடு வேண்டும். ஆரோக்கியமான கோழி ஒரு நாளில் பலமுறை இடும் எச்சத்துக்கு இடையே, சில முறை பழுப்பு நிறத்தில் பசைபோல நாற்றத்துடன் ஓர் எச்சம் இடும். அது குருட்டுக்குடலிலிருந்து, அதாவது சிறுகுடல் முடியும் இடத்தில் உள்ள இரட்டைப் பைகளிலிருந்து வருவது. அதைக் கழிச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. சில வேளைகளில் எச்சத்தோடு இளஞ்சிவப்பு நிறத்தில் சவ்வுத் துணுக்குகள் தென்படும். அது குடலின் உள்தோல் உதிர்ந்து வருவதாக இருக்கலாம். கொஞ்சமாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மாறாக, விரல் நீளத்துக்கு வெண்மையாக, இரு முனையும் கூர்மையாக ஒரு புழு நெளிந்தால் அது பெரிய உருளைப்புழு. அரிசிமணி போன்ற தட்டையான வெண்துண்டுகள் எச்சத்தின் மேல் மெல்ல அசைந்தால் அவை நாடாப்புழுவின் கணுக்கள். இவற்றைக் கண்ணால் கண்டுவிட்டால் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மற்ற அறிகுறிகளைவிட நான் அதிகம் நம்புவது கையால் தடவிப் பார்ப்பதை. இரவில் கூட்டில் அடங்கிய கோழியைத் தூக்கி, நெஞ்செலும்பின் இருபுறமும் விரல்களை ஓட்டினால், சதை திரண்டிருக்கிறதா, எலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கழுத்தின் அடியில் இரை தங்கும் பையான இரைப்பை நிறைந்திருந்தும் நெஞ்செலும்பு கூர்ந்திருக்கிறது என்றால், தின்றது உடம்பில் சேரவில்லை என்று பொருள். அப்போது சந்தேகப் பட்டியலில் குடற்புழு முன்னுக்கு வருகிறது. மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்து எடையையும் குறித்துவைத்தால், கொண்டை வெளிறுவதற்கு முன்பே சரிவு தெரிந்துவிடும்.

எந்தப் புழு என்பது ஏன் முக்கியம்

மருந்துத் தேர்வு முழுவதும் புழுவின் வகையைப் பொறுத்தது என்பதால், முக்கியமான நான்கு வகைகளையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பெரிய உருளைப்புழு, அதாவது அஸ்காரிடியா கல்லி, சிறுகுடலில் வாழ்கிறது. பெண்புழு 12 சென்டிமீட்டர் வரை வளரும். இதற்கு இடைத்தாங்கி, அதாவது கோழியை அடையும் முன் புழு வளர இடம் தரும் வேறோர் உயிர், தேவையில்லை. எச்சத்தோடு வெளியேறும் முட்டை, வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ 10 முதல் 20 நாட்களுக்குள் தொற்றும் நிலையை அடைகிறது. அதைக் கொத்தித் தின்ற கோழியின் வயிற்றில் வளர்ந்து, 5 முதல் 8 வாரத்தில் அப்புழுவும் முட்டையிடத் தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் இளம்புழுக்கள் குடலின் உட்சுவரைத் துளைத்துக்கொண்டு சில நாட்கள் அதற்குள் இருக்கின்றன. குடலுக்கு மிகுந்த சேதம் நேர்வது அப்போதுதான். எச்சத்தில் ஒரு முட்டைகூடத் தென்படாத காலமும் அதுவே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட இளங்கோழிகள் இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன. வயது வந்த கோழிகள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றுப் புழுவோடு காலம் தள்ளிவிடும். ஆனால் அவற்றின் எச்சமே குஞ்சுகளுக்குத் தொற்றின் ஊற்று.

குருட்டுக்குடல் புழு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை; கோழிக்கு அதனால் நேரடித் தீங்கும் குறைவு. ஆனால் வான்கோழிகளைக் கொன்றுபோடும் கருந்தலை நோயின் கிருமி இப்புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கோழியையும் வான்கோழியையும் ஒரே தரையில் வளர்ப்பவருக்கு இப்புழு அற்பமானதல்ல.

முடிப்புழு எனப்படும் கேப்பிலாரியா இனங்களே எனக்கு அதிகக் கவலை தருபவை. இவை தலைமுடியின் அளவுக்கே மெல்லியவை. செத்த கோழியின் குடலைப் பிளந்தாலும் சளிக்குள் மறைந்திருப்பவை. சில இனங்கள் சிறுகுடலிலும் சில இரைப்பையிலும் உணவுக்குழலிலும் துளைத்துத் தங்குகின்றன. சில நேரடியாகப் பரவும். சில மண்புழுவின் வழியாகப் பரவும். எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தாலும் கோழி மெலிந்து, வெளிறி, இறக்கவும் கூடும்.

நாடாப்புழுக்களுக்கு இடைத்தாங்கி கட்டாயம். எறும்பு, வண்டு, வீட்டு ஈ, நத்தை, ஓடில்லா நத்தை என ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொன்று. இவற்றுள் ராய்லிட்டினா இனம் ஒன்று குடற்சுவரில் முடிச்சுகளை உண்டாக்கும். பார்ப்பவர் காசநோய் என்று தவறாக எண்ணும் அளவுக்கு அவை ஒத்திருக்கும். பெரும்பாலான உருளைப்புழு மருந்துகளுக்கு, வழக்கமான அளவில், நாடாப்புழு அசையாது.

மூச்சுக்குழலில் வாழும் சிவப்புப் புழு குடற்புழு அன்று. என்றாலும் கோழி கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தால் அதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கண்டறியும் வழிகள்

மிக உறுதியான வழி, இறந்த கோழியைத் திறந்து பார்ப்பது. பலர் மனம் ஒப்பாமல் புதைத்துவிடுகிறார்கள். அந்த வருத்தம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஓர் இறப்பு மற்றக் கோழிகளைக் காக்க உதவும் என்றால் அந்த வாய்ப்பை விடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. எதிர்பாராமல் பல கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் வீட்டில் அறுக்கவே கூடாது. பறவைக் காய்ச்சல் போன்ற நோயாக இருக்கும் சாத்தியத்தை முதலில் விலக்க வேண்டும். நோய்க்கான ஐயமின்றி இறைச்சிக்காக அறுக்கும் கோழியிடம்கூட இதைச் செய்யலாம். அரைவைப்பையிலிருந்து ஆசனவாய் வரை குடலைக் கத்தரியால் நீளவாக்கில் பிளந்து, கறுப்பு நிறத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் விரித்தால், வெண்ணிற உருளைப்புழுக்கள் உடனே தெரியும். குருட்டுக்குடல் இரண்டின் முனைகளையும் பிளந்து நீரில் அலசினால் சிறிய புழுக்கள் மிதக்கும். முடிப்புழுவுக்கு, குடலின் உட்புறத்தைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்து, அந்தச் சளியை நீரில் கரைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

உயிரோடிருக்கும் கோழிகளுக்கு எச்சப் பரிசோதனை. கூட்டின் பல இடங்களிலிருந்து, அன்று காலை இட்ட எச்சமாகப் பத்துக்குக் குறையாமல் சிறு துணுக்குகள் எடுத்து ஒன்றாகக் கலந்து, குருட்டுக்குடல் எச்சத்தையும் அதில் சேர்த்து, மூடிய டப்பாவில் குளிர்ச்சியாக வைத்து அன்றோ மறுநாளோ ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகத்தில் நடப்பது எளிய செயல்தான். எச்சத்தை அடர்த்தியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டிச் சற்று நேரம் விடுகிறார்கள்; தீவனத் துகள்கள் கீழே படிய, இலேசான புழு முட்டைகள் மேலே எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் உருளைப்புழு முட்டை வழவழப்பான நீள்வட்டமாகத் தெரியும். குருட்டுக்குடல் புழுவின் முட்டையும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும் என்பதால், இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவருக்கும் கடினம். முடிப்புழு முட்டை ஐயத்துக்கு இடம் தராது. எலுமிச்சைபோல் இரு முனையிலும் அடைப்புடன் இருக்கும். ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் கருமுட்டைகளும் இதே சோதனையில் தெரிந்துவிடுவது கூடுதல் நன்மை.

இந்தச் சோதனையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். முட்டைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். அதை வைத்து வயிற்றில் இத்தனை புழு என்று கணக்கிட முடியாது. புதிதாகத் தொற்றிய கோழியில் இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது விடை சுழியமாக வரலாம். நாடாப்புழுவின் முட்டைகள் கணுக்களோடு பொதியாக வெளியேறுவதால் அடிக்கடி தப்பிவிடும். ஆகையால் ஒரே ஒரு சோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிட்டதால், மெலிந்துகொண்டே போகும் கோழியைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

நாள் குறித்துக் கொடுப்பதா

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற முறைக்கு ஒரே நியாயம் அதன் எளிமை. ஆய்வக வசதி எட்டாத இடத்தில், புழுத் தொல்லை முன்பே உறுதியான தரையில், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது புழுவின் காலக்கணக்கோடு பொருந்துவதில்லை. முட்டை நிறைந்த மண்ணில் மேயும் கோழி, மருந்து முடிந்த மறுநாளே மறுபடி தொற்றைப் பெறும். 5 முதல் 8 வாரத்துக்குள் அதன் வயிற்றில் புதிய தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும். மூன்று மாத இடைவெளியில் பாதிக் காலம் மண் மீண்டும் நிரம்பிக்கொண்டிருக்கும். தொற்று குறைந்த காய்ந்த தரையிலோ அதே அட்டவணை தேவையற்ற மருந்தைத் திணிக்கிறது.

மருந்து எதிர்ப்பு என்பது வெறும் அச்சுறுத்தல் அல்ல. ஆடுகளில் பல மருந்துகள் பலனிழந்துபோன கதை கால்நடை வளர்ப்போர் அறிந்தது. வான்கோழிகளின் உருளைப்புழு இனத்தில் ஃபென்பெண்டசோலுக்கு எதிர்ப்பு உருவாகியிருப்பது பதிவாகியுள்ளது. ஒரே வகை மருந்தை, தேவை பாராமல், போதாத அளவில் திரும்பத் திரும்பக் கொடுப்பதே அந்த நிலைக்கு நேர்வழி.

கோழி வாடினால் மட்டும் கொடுப்பது என்ற இரண்டாவது வழி மருந்தைக் குறைக்கிறது. ஆனால் வாட்டம் வெளியே தெரியும்போது கூட்டம் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம், வாட்டத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். இதில் அளவுக்கு மீறிய ஊகம் இருக்கிறது.

சோதித்துக் கொடுப்பதில் மட்டுமே மருந்து ஒரு கேள்விக்கு விடையாக அமைகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, ஈரமான பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தவறாமல், கூட்டு எச்சத்தைச் சோதித்துக் குறித்துவைப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே தம் தரையின் போக்கை அறிந்துவிடுவார். இரண்டு வேளைகளில் மட்டும் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்: எச்சத்தில் புழுவைக் கண்ணால் கண்டபோதும், மெலிந்து தளர்ந்த இளங்கோழிகளைப் பார்த்து மருத்துவர் புழுவை ஐயப்படும்போதும். புதிதாக வாங்கிவந்த கோழியைக் குறைந்தது மூன்று வாரமாவது தனியே வைத்துச் சோதித்து, தேவையான மருந்தையும் கொடுத்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

மருந்துகளை ஒப்பிட்டால்

பைப்பரசின் பழைய மருந்து, நீரில் நன்றாகக் கரையும், பாதுகாப்பானது. புழுவின் தசையைத் தளர்த்திவிடுவதால் அது பிடிப்பிழந்து எச்சத்தோடு உயிருடன் வெளியேறுகிறது. ஆனால் அதன் வேலை வளர்ந்த பெரிய உருளைப்புழுவோடு முடிந்துவிடும். குடற்சுவரில் உள்ள இளம்புழுவும் முடிப்புழுவும் நாடாப்புழுவும் அதற்கு அடங்குவதில்லை. எச்சத்தில் புழுக்கள் விழுவதைப் பார்த்து வளர்ப்பவர் நிறைவடைந்துவிடுவதே இம்மருந்தில் உள்ள சிக்கல். இரண்டு மூன்று வாரத்தில், எஞ்சிய இளம்புழுக்கள் வளர்ந்த பின், மறுமுறை கொடுக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். ஆனால் புழுச்சுமை மிகமிக அதிகமான கோழிக்கு எம்மருந்தானாலும் கவனம் தேவை. திரளான புழுக்கள் ஒரே நேரத்தில் பிடிப்பிழந்தால் குடல் அடைபடக் கூடும்.

லெவமிசோல் அதைவிடப் பரந்த வீச்சு உடையது. பெரிய உருளைப்புழு, குருட்டுக்குடல் புழு, முடிப்புழு ஆகியவற்றின் மேல் செயல்படும். நாடாப்புழுவின் மேல் செயல்படாது. நீரில் கரையும், விரைந்து வேலை செய்யும். ஆனால் பலன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் உள்ள இடைவெளி இதில் குறுகியது. எடையைக் கண்மதிப்பாகச் சொல்பவர் இதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே மிகவும் தளர்ந்துபோன கோழிக்கும் இது ஏற்றதன்று.

ஃபென்பெண்டசோல், ஃப்ளூபெண்டசோல், அல்பெண்டசோல் ஆகியவை ஒரே குடும்பத்தவை. புழுவின் செல்களுக்குள் உள்ள நுண்குழல்களைக் குலைத்து, அது சத்தை உறிஞ்ச முடியாமல் செய்து, மெல்லக் கொல்கின்றன. மெல்லக் கொல்வதால் ஒருநாள் மருந்தாகக் கொடுப்பதைவிடப் பல நாள் தொடர்ந்து கொடுப்பதே பலன் தருகிறது. கோழிகளுக்கென்று ஒப்புதல் பெற்ற குடிநீர் ஃபென்பெண்டசோல், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வீதம் 5 நாட்கள் கொடுக்கப்படுகிறது. ஃப்ளூபெண்டசோல் தீவனத்தில் 7 நாட்கள் கொடுக்கப்படுகிறது. பெரிய உருளைப்புழு, குருட்டுக்குடல் புழு, முடிப்புழு என்ற மூன்று வகை உருளைப்புழுக்களின் மேலும் இக்குடும்பம் செயல்படுகிறது; இளம்புழுக்களையும் எட்டுகிறது; பாதுகாப்பு இடைவெளியும் அகலமானது. சிறு கூட்டத்துக்கு, வகை உறுதியாகாத நிலையிலும், நான் முதலில் தேர்வது இக்குடும்பத்தையே. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இறகு புதிதாக முளைக்கும் பருவத்தில் ஃபென்பெண்டசோல் அளவு மீறினால் இறகுகள் கோணலாக வளரக் கூடும். புறாக்களுக்கு அது கொடிய நஞ்சாகலாம். கோழிகளோடு புறாவும் வளர்ப்பவர்கள் மருந்து கலந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் புறா எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அல்பெண்டசோலைப் பொறுத்தவரை, அடைவைக்க முட்டை சேர்க்கும் காலத்தில் மருத்துவரைக் கேளாமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் என்ற மருந்தே நம்பத்தகுந்தது. அதன் கணுக்களைக் கண்ணால் கண்ட பிறகு மட்டுமே அதைத் தேட வேண்டும். எறும்பும் வண்டும் ஈயும் நத்தையும் இருக்கும் இடத்தில் இது நிரந்தரத் தீர்வாகாது.

ஐவர்மெக்டின் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; பேனுக்கும் செள்ளுக்கும் புழுவுக்கும் ஒரே மருந்து என்று அதைப் பலர் பிடறியில் சொட்டுவிடுகிறார்கள். கோழியின் பெரிய உருளைப்புழுவின் மேல் அதன் ஆற்றல் குறைவு. நாடாப்புழுவின் மேல் சற்றும் இல்லை. கோழி இடும் முட்டையிலோ அம்மருந்தின் மிச்சம் நீண்ட நாள் தங்கும். குடற்புழுவுக்காக இதைத் தேர்வதை நான் ஏற்கவில்லை.

கொடுக்கும் முறை

தண்ணீரில் கலப்பது எளிது; ஆனால் சீராகச் சேருவதில்லை. வெயில் நாளில் கோழி இருமடங்கு குடிக்கும். மழை நாளில் பாத்திரத்தைத் தொடாது. நோயுற்ற கோழி எந்த நாளிலும் குறைவாகவே குடிக்கும். ஆடுமாடுகளுக்கான ஃபென்பெண்டசோல் திரவத்தைத் தண்ணீரில் ஊற்றினால் அது கரையாமல் அடியில் படிந்துவிடும். மேலே குடிக்கும் கோழிக்கு வெறும் தண்ணீரும், கடைசியில் குடிக்கும் கோழிக்கு அளவு மீறிய மருந்தும் போய்ச் சேரும். தண்ணீருக்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்தை மட்டுமே தண்ணீரில் கலக்கலாம்.

பத்துப் பதினைந்து கோழிகளுக்குள் என்றால், ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுவதே துல்லியமானது. எட்டுக் கோழிகள் சராசரி 2 கிலோ என்றால் மொத்தம் 16 கிலோ; கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் தேவை. மருந்துப் புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைப் படித்து, அதிலிருந்து மில்லிலிட்டரைக் கணக்கிட வேண்டும். இந்த ஒரு கணக்கில்தான் மிக அதிகமான தவறுகள் நிகழ்கின்றன. புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறும் என்பதால், பக்கத்து வீட்டார் சொன்ன ‘இத்தனை சொட்டு’ உங்கள் புட்டிக்குப் பொருந்த வேண்டியதில்லை. குறைவான அளவு, மருந்தே கொடுக்காததைவிடத் தீங்கு. அது வலுவான புழுக்களை மட்டும் பொறுக்கி விட்டுவைக்கிறது.

முட்டையைப் பொறுத்தவரை, கோழிக்கென்று ஒப்புதல் பெற்ற ஃபென்பெண்டசோல் குடிநீர் மருந்துக்கும் தீவன ஃப்ளூபெண்டசோலுக்கும் காத்திருப்பு நாள், அதாவது மருந்துக்குப் பின் முட்டையை உண்ணாமல் ஒதுக்க வேண்டிய நாள், சுழியம். அந்தச் சலுகை அந்தத் தயாரிப்புக்கும் அந்த அளவுக்கும் மட்டுமே உரியது. ஆட்டுக்கான புட்டியிலிருந்து கொடுத்தாலோ அளவைக் கூட்டினாலோ அது பொருந்தாது; மருத்துவர் குறிக்கும் நாள் வரை முட்டையை மனிதர் உண்ணக் கூடாது. எது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது கட்டாயம்.

பூண்டு, பூசணி விதை, வேம்பு

இவற்றை நம்புவோரின் அக்கறையை நான் மதிக்கிறேன். மருந்து எச்சம் இல்லாத முட்டை வேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஆனால் தொற்று முற்றிய கோழியைப் பூண்டோ பூசணி விதையோ வினிகரோ சிலிக்காப் பொடியோ மீட்டது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்ற அளவும் நிலைபெறவில்லை. நல்ல நிலையில் உள்ள கோழிகளுக்குத் தீவனத்தோடு கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை. முடிப்புழு உறுதியான பிறகும் மூலிகையை நம்பி வாரங்களைக் கடத்துவது கோழிக்குச் செய்யும் கொடுமை. மூலிகையையே விரும்புபவருக்கும் சோதனைதான் துணை: கொடுப்பதற்கு முன்பும் பின்பும் எச்சத்தை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை குறையாவிட்டால் மருந்துக்கு மாற வேண்டும்.

மண்ணைக் கவனிக்காவிட்டால்

புழுவின் பெரும்பகுதி எந்த நேரத்திலும் கோழிக்கு வெளியே, முட்டையாக, மண்ணில் இருக்கிறது. வழக்கமான கிருமிநாசினிகள் அந்த முட்டையின் தடித்த ஓட்டைக் கடப்பதில்லை. நிழலும் ஈரமும் இருந்தால் அது மாதக்கணக்கில், ஆண்டுக்கு மேலும், உயிரோடிருக்கும். அதைக் கொல்வது வறட்சியும் நேரடி வெயிலும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி எப்போதும் சொதசொதவென்றிருக்கும் அந்த ஒரு முழ வட்டமே புறக்கடையின் மிக ஆபத்தான இடம். பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, அடியில் கம்பிச் சட்டமோ கூழாங்கல்லோ பரப்பி, ஒழுகலை அடைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். தீவனத்தைத் தரையில் இறைக்கக் கூடாது. கூட்டின் தரையில் தடிமனாகப் பரப்பிய உமி, மரத்தூள் போன்ற ஆழ்கூளத்தைக் கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரவு எச்சம் விழும் பலகையை நாள்தோறும் சுரண்டி எடுத்தால், முட்டைகள் தொற்றும் நிலையை அடையும் முன்பே வெளியேறிவிடும்.

இடம் இருப்பவர் மேய்ச்சல் பரப்பை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விடலாம். ஒரு மாத ஓய்வு மண்ணைத் தூய்மையாக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புல்லை ஒட்ட வெட்டி வெயில் படவிட்டு நீண்ட ஓய்வு கொடுத்தால் சுமை குறையும், அவ்வளவே. குஞ்சுகளைத் தாய்க்கூட்டம் மேய்ந்த தரையில் விடாமல் புதிய தரையில் வளர்ப்பது இதைவிடப் பலன் தரும். புரதமும் வைட்டமின் ஏ-யும் குறைந்த தீவனத்தில் வளரும் கோழி புழுவுக்கு எளிதில் பணிந்துவிடும் என்பதால், தீவனத்தின் தரத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

இறுதியாக ஒரு சோதனை மீதம் இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மருந்து முடிந்த 10 முதல் 14 நாட்களுக்குள் அதே முறையில் எச்சத்தை மீண்டும் அனுப்ப வேண்டும். முன்பிருந்த முட்டைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. அதன்பின் உழைப்பைத் தரையின் மேல் செலுத்தலாம். அப்படி இறங்காவிட்டால், முதலில் கோழிகளின் எடையையும் மருந்தின் அளவையும் காலாவதி நாளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அவை மூன்றும் சரியாக இருந்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், அதே மருந்தை மறுபடி கொடுக்காமல், இரண்டு சோதனை அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டி வேறு குடும்பத்து மருந்துக்கு மாற வேண்டும்.